பாத்திரத்தில் எங்கள் பெயர் இருக்கிறது, உலோகத்தின் பெயர் எங்கே?

தமிழ்நாட்டுப் பாத்திர வணிகர்களுக்கும் பட்டறை உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாத்திரக்கடை உரிமையாளர்களே, மொத்த வியாபாரிகளே, பட்டறை நடத்துவோரே,



உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடலை எழுதுகிறேன். நீங்கள் செய்கிற, விற்கிற ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் அது என்ன உலோகம், எந்த ரகம், யார் செய்தது என்ற மூன்று விவரங்களைப் பொறியுங்கள். பில்லிலும் அதையே எழுதிக் கொடுங்கள். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர்ப் பாத்திரத் தொழில் உலகச் சந்தையில் தலைநிமிர்ந்து நிற்குமா, விலையைக் குறைத்துக் குறைத்தே தேய்ந்துபோகுமா என்பது இதில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

உங்கள் கடைகளுக்கும் எங்கள் குடும்பங்களுக்கும் உள்ள பழக்கம் தலைமுறைப் பழக்கம். கல்யாணச் சீரா, புதுமனைப் புகுவிழாவா, மகளுக்குத் தனிக்குடித்தனமா, எதுவானாலும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறோம். அண்டாவைத் தட்டி ஓசை கேட்கிறோம். தூக்குவாளியின் பிடியை ஆட்டிப் பார்க்கிறோம். சம்படத்தின் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று திருகிப் பார்க்கிறோம். நீங்களும் முகம் சுளிக்காமல் மேல் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, தராசில் வைத்து எடை சொல்லி, கிலோ என்ன விலை என்று கணக்குப் போடுகிறீர்கள். எல்லாம் முடிந்து பணம் கட்டும் நேரத்தில் ஒரு கேள்வி வரும்: "பேர் வெட்டணுமா?"

அந்த மூலையைக் கொஞ்சம் பாருங்கள். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த பெயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மடியில் பாத்திரத்தைக் கவிழ்த்து, கிர்ரென்று அதிரும் ஊசியால் ஒருவர் எழுத்து எழுத்தாக வெட்டிக்கொண்டிருப்பார். ஒரு குடத்துக்கு இரண்டு நிமிடம் ஆகாது. இப்போது பல கடைகளில் லேசர் எந்திரமே வந்துவிட்டது. கணினியில் தட்டினால் போதும், அச்சடித்ததுபோல எழுத்து விழுகிறது. இப்படி வீட்டுக்கு வரும் பாத்திரத்தில் வாங்கியவர் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, அன்பளிப்பாகத் தந்த தாய்மாமன் பெயரும் ஊரும் இருக்கின்றன. உலோகம் என்ன ரகம் என்பது மட்டும் இருப்பதில்லை. செய்தவர் யார் என்பதும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒரு பூவோ, ஒரு சாமி பெயரோ முத்திரையாக விழுந்திருக்கும். அதை வைத்து யாரையும் தேடிப்போக முடியாது. பெயர் வெட்டத் தெரியாத தொழில் என்றால் இந்த மடலுக்கே வேலை இல்லை. கருவியும் கையும் பழக்கமும் உங்கள் கடைக்குள்ளேயே இருப்பதால்தான் கேட்கிறேன்.

எவர்சில்வர் என்று ஒரே பெயரில் நாம் வாங்குவது ஒரே உலோகம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. 304 என்கிற ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. வெளிநாட்டுக் கரண்டிகளில் 18/8, 18/10 என்று பொறிப்பது இந்தக் கணக்கைத்தான். 202 என்ற ரகத்தில் நிக்கல் 4 முதல் 6 சதவீதம்தான்; அந்தக் குறையை ஈடுகட்ட மாங்கனீசு 7.5 முதல் 10 சதவீதம் வரை சேர்க்கிறார்கள். நிக்கலை இன்னும் குறைத்து, ஒரு சதவீத அளவுக்குக் கொண்டுவந்த மலிவு ரகங்களும் சந்தையில் புழங்குகின்றன. 430 என்ற ரகத்தில் நிக்கல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. குரோமியம் மட்டும் 16 முதல் 18 சதவீதம்.

இந்த வேறுபாட்டின் வேர் உலகச் சந்தையில் இருக்கிறது. குரோமியத்துக்குக் குறைவில்லை, இந்தியாவின் குரோமைட் இருப்பில் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடக்கிறது. மாங்கனீசும் இங்கே கிடைக்கிறது. நிக்கலுக்குத்தான் இறக்குமதியை நம்பியிருக்கிறோம். உலகச் சுரங்கங்களில் எடுக்கப்படும் நிக்கலில் இன்று பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. 2020 ஜனவரியில் அந்த நாடு நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்து, உருக்காலைகளைத் தன் மண்ணிலேயே வளர்த்துக்கொண்டது. 2022 மார்ச் 8 அன்று லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் விலை டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. வியாபாரத்தையே நிறுத்தி, அன்று நடந்த பேரங்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஓர் உருக்காலையும் லண்டனில் ஒரு சூதாட்டமும் நம் ஊர் டபரா செட்டின் விலையை ஏற்றி இறக்குகின்றன. இந்த அலைக்கழிப்பிலிருந்து தப்பிக்கத்தான் நம் நாட்டில் 202 போன்ற 200 வரிசை உலோகம் இவ்வளவு பரவியது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சோறு போடும் தட்டுக்கும் தண்ணீர்ச் சொம்புக்கும் 202 போதும். கையில் பணம் குறைவாக இருக்கும் வீடுகளுக்கு எவர்சில்வர் எட்டியதே அந்த மலிவு உலோகத்தால்தான்.

குற்றம் எங்கே வருகிறதென்றால், 202-ஐ 304 என்று வாய்வார்த்தையில் சொல்லி விற்கும்போது வருகிறது. உப்பும் புளியும் இரவு முழுக்க ஊறும் பாத்திரத்தில் நிக்கலும் குரோமியமும் குறைந்த உலோகம் சீக்கிரம் புள்ளி விழும். ஊறுகாய்ச் சம்படத்தின் அடியில் குத்துக்குத்தாகக் கறுத்துப்போவதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! தரமான உலோகத்துக்கான பணத்தைக் கொடுத்தவருக்கு அது கிடைத்ததா என்று சரிபார்க்க ஒரு வழியும் இல்லை.

காந்தம் ஒட்டிப் பார்க்கச் சொல்வீர்கள். கடையில் நீங்களே ஒட்டிக் காட்டுவதும் உண்டு. ஆனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது என்பது உலோகம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். காந்தம் ஒட்டும் 430 உண்மையான துருப்பிடிக்காத எஃகுதான். இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடியில் வைப்பதும் அந்த வகையைத்தான். காந்தம் ஒட்டாத மலிவு 200 வரிசை, 304 போலவே நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போகும். போதாக்குறைக்கு, நல்ல 304 தகடே அழுத்தி இழுக்கப்பட்ட வளைவுகளில் லேசாகக் காந்தத்தைப் பிடிக்கும். நல்லதைக் கெட்டதென்றும் கெட்டதை நல்லதென்றும் சொல்லும் சோதனையை நம்பி எத்தனை காலம் வியாபாரம் செய்வது? அடியில் 304 என்றோ 202 என்றோ பொறித்திருந்தால் காந்தத்துக்கே வேலை இல்லை.

எவர்சில்வரிலாவது நஷ்டம் பணத்தோடும் புள்ளிகளோடும் போய்விடுகிறது. அலுமினியத்திலும் இண்டாலியத்திலும் கதை வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுன்டியின் சுகாதாரத் துறையினர், ஆப்கானிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கு இரத்தத்தில் காரீயம் அதிகமாக இருப்பதைக் கண்டு காரணம் தேடினார்கள். அந்த வீடுகளில் இருந்த அலுமினியப் பாத்திரங்களிலிருந்து, சமையலில் சேரும் புளிப்பைப் போன்ற அமிலக் கரைசலில் காரீயம் இறங்குவது ஆய்வில் தெரிந்தது. 2022-இல் அந்த ஆய்வு வெளியானது. 2024-இல் அந்த மாநிலம் சமையல் பாத்திரங்களில் காரீயத்தைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது: இறக்குமதியாகும் அலுமினியம், பித்தளை, இண்டாலியப் பாத்திரங்கள் சிலவற்றிலிருந்து உணவில் காரீயம் கலக்கக்கூடும், அவற்றை விற்காதீர்கள். அந்த எச்சரிக்கையில் பெயர் சொல்லப்பட்ட முதல் பாத்திரமே இந்தியாவில் செய்யப்பட்டது.

சுத்தமான அலுமினியத்தில் காரீயத்துக்கு இடமில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய உலோகத்தை, வண்டி உதிரிபாகங்களையும் பற்றவைத்த துண்டுகளையும் சேர்த்து உருக்கி வார்க்கும்போதுதான் அது உள்ளே வருகிறது. நம் வீட்டு வாணலியும் பணியாரச்சட்டியும் பெரும்பாலும் இதே இண்டாலியம்தான். நாம் புளிக்குழம்பு கொதிக்க வைக்கிறோம், தக்காளி வதக்குகிறோம். இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. பாதித்தது வெளியில் தெரிவதும் இல்லை. சியாட்டிலில் ஓர் அதிகாரி பாத்திரத்தை எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்த்தார். நம் தெருவில் யார் சோதிப்பது?

ஈயச் சொம்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரசத்துக்கு அதைப்போல வேறு பாத்திரம் இல்லை என்று வெளிநாட்டுத் தமிழர்களும் தேடித் தேடி வாங்குகிறார்கள். அது வெள்ளீயத்தில் செய்யப்பட வேண்டியது. வெள்ளீயத்தின் சர்வதேச விலை காரீயத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். கலந்துவிட்டால் பார்வைக்குப் பிரித்தறிவது கடினம். இரண்டும் எளிதில் உருகும், எளிதில் கலக்கும். கலப்படம் செய்யத் தூண்டும் லாபம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது, சுத்தமான வெள்ளீயம் என்று ஆய்வகச் சான்றோடு விற்பவர் ஒருவர், சான்றில்லாமல் விற்பவர் ஒருவர் என்று சந்தை பிரிந்தே ஆக வேண்டும். நேர்மையாகச் செய்யும் கைவினைஞர்களைக் காப்பாற்ற அதைவிட வேறு வழி தெரியவில்லை.

முத்திரை பதிப்பதால் தொழில் அழியும் என்று சிலர் அஞ்சுவதை அறிவேன். பாத்திரத்துக்கும் கத்திக்கும் பெயர்போன ஊர்களின் வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி செய்வோர் சங்கம் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கைவினைஞரும் தமக்கென ஒரு முத்திரையைச் சங்கத்தில் பதிவு செய்து, தாம் செய்யும் ஒவ்வொரு கத்தியிலும் அதை அடிக்க வேண்டும். கத்தி மழுங்கினால் யாரைக் கேட்பது என்பது வாங்குபவருக்குத் தெரியும். துருப்பிடிக்காத எஃகு 1913-இல் இந்த ஊரில் ஹாரி பிரியர்லியின் கைக்கு வந்ததும், அதைக் கொண்டு முதலில் சாப்பாட்டுக் கத்தி செய்யப் புகுந்ததும் தற்செயல் இல்லை. உலோகத்துக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்குப் பதில் சொல்லியே பழகிய ஊர் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷெஃபீல்ட் பெயரைப் பொய்யாகப் பொறித்த மலிவான ஜெர்மன் கத்திகள் சந்தையில் குவிந்தன. புகார் எழுந்தது. 1887-இல் பிரிட்டன் வணிக முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. தங்கள் பொருளென்று மயங்க வைக்கும் அயல்நாட்டுச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பொறித்தாக வேண்டும் என்றது. ஜெர்மானியச் சரக்கை அவமானப்படுத்தவே அந்தச் சட்டம். நடந்தது என்ன? தங்கள் பெயரோடுதான் விற்க வேண்டும் என்று ஆனதும் ஜெர்மானியர்கள் தரத்தை உயர்த்தினார்கள். சில பத்தாண்டுகளில் 'மேட் இன் ஜெர்மனி' என்பதே உலகம் தேடி வாங்கும் முத்திரையாயிற்று. கத்திக்குப் பெயர்போன சோலிங்கன் நகரம், தன் எல்லைக்குள் செய்த பொருளில் மட்டுமே சோலிங்கன் என்று பொறிக்கலாம் என 1938-இல் சட்டப் பாதுகாப்பும் பெற்றது. இன்றும் அந்தப் பாதுகாப்பு நடைமுறையில் இருக்கிறது.

ஜப்பானில் நீகாத்தா பகுதியிலுள்ள ட்சுபாமே என்ற சிறு நகரம் ஆணி செய்தும் செம்புப் பாத்திரம் தட்டியும் பிழைத்த ஊர். முதல் உலகப் போர்க் காலத்தில் கரண்டி, முள்கரண்டிக்கு மாறி, பின்னர் மலிவு விலையில் அமெரிக்கச் சந்தையை நிறைத்தது. 1959-இல் அமெரிக்கா அந்த இறக்குமதிக்கு அளவு வைத்தது. அளவைத் தாண்டினால் கூடுதல் வரி. பின்னர் யென்னின் மதிப்பு ஏறியது. மலிவு என்ற பலமும் போயிற்று. அந்த ஊர் விலையை விட்டுத் தரத்தைப் பிடித்துக்கொண்டது. 1991-இல் நோபல் பரிசின் 90-ஆம் ஆண்டு விருந்துக்கான கரண்டிகள் அந்த ஊர்ப் பட்டறையில் செய்யப்பட்டவை. மலிவுக்குப் பெயர்போன ஊர் தரத்துக்குப் பெயர்போன ஊராக மாற ஒரு தலைமுறை போதுமாக இருந்தது.

இன்று நம் முன்னால் நிற்கும் சந்தை இவர்கள் யாரும் கண்டதைவிடப் பெரியது. உலகுக்குச் சமையல் சாமான் அனுப்புவதில் முதலிடம் சீனாவுக்கு. அங்கே ஜெஜியாங் மாகாணத்து யீவூ மொத்தச் சந்தையில் மட்டும் ஏறத்தாழ 75,000 கடைகள். பக்கத்து ஊரான யோங்காங்கில் பிளாஸ்க்கும் தண்ணீர்ப் புட்டியும் மலையாகக் குவிகின்றன. 2014 முதல் யீவூவிலிருந்து ஸ்பெயினின் மாட்ரிட் வரை சரக்கு ரயிலே ஓடுகிறது. அந்த அளவோடும் அந்த வேகத்தோடும் விலையில் மட்டும் மோதி நம் பட்டறைகள் ஜெயிக்க முடியாது. தகட்டின் கனத்தை எவ்வளவு குறைத்தாலும் அங்கே அதைவிட மெல்லியது ஒன்று தயாராக இருக்கும்.

விலையை மட்டும் நம்பிய ஏற்றுமதி எவ்வளவு பலவீனமானது என்பதை 2025 காட்டிவிட்டது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின் மேல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, பித்தளைச் சாமானுக்குப் பெயர்போன உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் ஆடிப்போனது. வாங்குவோர் ஆர்டரை நிறுத்தினார்கள். பட்டறைகளில் வேலை குறைந்தது. வரி இன்று ஏறும், நாளை இறங்கும். அது நம் கையில் இல்லை. ஒரு பொருளை அதன் பெயருக்காகக் கேட்டு வாங்குபவர் விலை கொஞ்சம் ஏறினாலும் யோசித்துத்தான் விடுவார். மலிவுக்காக வாங்குபவர் மறுநாளே அடுத்த நாட்டுக்குப் போய்விடுவார். வாங்குபவர் நினைவில் நிற்க ஒரு பெயர் வேண்டாமா?

நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும், பாரிஸ் லா ஷாப்பெல்லிலும், டொரண்டோவின் ஸ்கார்பரோவிலும் இட்லிப் பானையையும் தோசைத் திருப்பியையும் தேடி வருபவர்கள் நம் சமையலை விடாத மக்கள். விளம்பரமே இல்லாமல் கிடைத்த சந்தை இது. ஆனால் அவர்கள் இருக்கும் நாடுகளில் பாத்திரத்திலிருந்து உணவில் எந்த உலோகம் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். அம்மாவின் நினைவுக்காக ஒரு தலைமுறை வாங்கும். அடுத்த தலைமுறை எழுத்தைப் படித்துத்தான் வாங்கும்.

உங்கள் தரப்பில் சொல்லக்கூடிய மறுப்புகளையும் நினைத்துப் பார்த்தேன்.

"வாடிக்கையாளர் விலையைத்தானே கேட்கிறார், ரகத்தையா கேட்கிறார்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. நகைக்கடையிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயம் ஆகத் தொடங்கியபோது நகை வியாபாரிகள் எவ்வளவு தயங்கினார்கள், எதிர்த்தார்கள் என்பது நினைவிருக்கும். 2023 ஏப்ரல் முதல் ஆறெழுத்து அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்றும் ஆனது. இன்று அரைப் பவுன் தோடு வாங்கும் பெண்மணியும் அந்த எண்ணைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். எழுதி வைத்தால் மக்கள் படிப்பார்கள். படித்தால் கேட்பார்கள்.

"ஐஎஸ்ஐ முத்திரைதான் வருகிறதே, அது போதாதா?" என்பீர்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐஎஸ் 14756, அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐஎஸ் 1660 என்ற தரநிலைகள் உள்ளன. இவற்றைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2024 மார்ச் 14 அன்று பிறப்பித்தது. உலோகத்தின் தரம், வடிவம், வேலைப்பாடு, கறை பிடிக்குமா, அதிர்ச்சியையும் சூட்டையும் தாங்குமா என்றெல்லாம் சோதிக்கச் சொல்லும் தரநிலைகள் அவை. வரவேற்க வேண்டிய ஆணை. ஆனால் ஆணை வந்தால் மட்டும் போதாது என்பதைப் பிரஷர் குக்கரில் பார்த்தோம். குக்கருக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 முதல் கட்டாயம். அதன் பிறகும் முத்திரை இல்லாத குக்கர்கள் இணைய அங்காடிகளில் விற்றன; 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்து, விற்றவற்றைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டியிருந்தது. சட்டத்துக்குப் பயந்து அடிக்கும் முத்திரையைவிட, தொழிலின் மானத்துக்காக நீங்களே முன்வந்து அடிக்கும் முத்திரை உறுதியானது.

"சின்னப் பட்டறைக்காரனுக்கு இது கட்டுப்படியாகுமா?" என்பதுதான் உண்மையிலேயே கனமான கேள்வி. திருப்பூர் அனுப்பர்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். எவர்சில்வர், செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு அந்த வட்டாரமே ஒரு பெரிய பட்டறை. வட்டமாக வெட்டிய தகடு லேத்தில் சுழல, நீண்ட கம்பியை அக்குளில் இடுக்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதில் இறக்கி, தகட்டை அச்சின்மேல் படிய வைக்கிறார் ஒருவர். பக்கத்தில் இன்னொருவர் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு பஃப் சக்கரத்தில் பாலிஷ் போடுகிறார்; கறுத்த தூள் அவர் இமையிலும் படிந்திருக்கிறது. கண்ணாடிபோல மின்னும் குடம் அந்தக் கையிலிருந்துதான் வருகிறது. செய்த வேலைக்குத் தக்க கூலி. கூலி உயர்வுக்காகப் போராட்டம், பேச்சுவார்த்தை, ஒப்பந்தம் என்று அவர்கள் வாழ்க்கை ஓடுகிறது. இவர்கள் தலையில் இன்னொரு செலவை ஏற்றச் சொல்லி நான் எழுதவில்லை.

செலவைச் சுமக்க வேறு தோள்கள் இருக்கின்றன. ஆலையிலிருந்து வரும் தகட்டுச் சுருளோடு அதன் உலோகக் கலவையைச் சொல்லும் சோதனைச் சான்று வருகிறது. சேலம் உருக்காலை போன்ற ஆலையின் தகடு எந்த ரகம் என்பதில் மயக்கமே இல்லை. அந்தத் தகவல் மொத்த வியாபாரி கையிலிருந்து பட்டறைக்கு வருவதற்குள் காணாமல் போகிறது. அதைத் தொலைக்காமல் கடைசிவரை கொண்டுவந்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, நகைக்கடையில் காரட் பார்க்கும் கருவியின் தத்துவத்திலேயே இயங்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உண்டு. பாத்திரத்தின்மேல் வைத்தால் சில விநாடிகளில் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று காட்டிவிடும். தனியொருவருக்கு அது விலை அதிகம். ஒரு சங்கத்துக்கு அதிகமில்லை. சிறு, குறு தொழில் குழுமங்களுக்குப் பொதுவசதி மையம் அமைக்க அரசுத் திட்டமும் இருக்கிறது. தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் சமையல் பாத்திரங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. விலை குறைந்ததால் விற்பனை கூடும்போது, அந்தக் கூடுதலில் ஒரு சிறு பங்கை இந்த நேர்மைக்கு ஒதுக்கலாம்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன்.

ஒன்று: எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் ரகத்தின் எண்ணையும், பட்டறை அல்லது நிறுவனத்தின் பெயரையும் ஊரையும் பொறியுங்கள். 202 என்றால் 202 என்றே பொறியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தப் பாத்திரம் எதற்கு ஏற்றது என்று வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு: எடையும் விலையும் மட்டும் இருக்கும் பில்லில் ரகத்துக்கும் ஒரு கட்டம் போடுங்கள். கையால் எழுதினாலும் சரி. எழுதிக் கொடுத்த சொல்லுக்குப் பின்னால் நீங்கள் நிற்கிறீர்கள் என்பது எங்களுக்குப் போதும்.

மூன்று: எந்த ஆலையின் உலோகம் என்று தெரியாத அலுமினியத்திலும் இண்டாலியத்திலும் செய்த சமையல் பாத்திரத்தை அடுக்கில் வைக்காதீர்கள். ஈயச் சொம்பு விற்றால் காரீயம் இல்லை என்ற ஆய்வகச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். இதில் மட்டும் காத்திருக்க நேரமில்லை. இது குழந்தைகளின் உடம்பு சம்பந்தப்பட்டது.

நான்கு: சென்னை, திருப்பூர், கும்பகோணம், மதுரை என்று பாத்திரத் தொழில் உள்ள ஊர்களின் சங்கங்கள் சேர்ந்து பொதுச் சோதனை மையங்களை அமையுங்கள். வாடிக்கையாளர் தம் வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து சிறு கட்டணத்தில் சோதித்துப் பார்க்க வாரத்தில் ஒரு நாளாவது கதவைத் திறந்து வையுங்கள்.

ஐந்து: பெயரால் விலை கூடும்போது அந்தக் கூடுதல் லேத்துக்காரருக்கும் பாலிஷ்காரருக்கும் போய்ச் சேரட்டும். தூசு உறிஞ்சும் எந்திரமும் நல்ல முகக்கவசமும் அதில் முதல் செலவாக இருக்கட்டும்.

கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கும், தஞ்சாவூர்க் கலைத்தட்டும் பெற்றிருக்கின்றன. ஊர்ப் பெயரால் பொருளை அடையாளம் காட்டுவது நமக்குப் புதிதில்லை. அனுப்பர்பாளையத்துக் குடம், கும்பகோணத்துப் பாத்திரம் என்று உலகம் கேட்டு வாங்கும் நாள் வர வேண்டுமானால், அந்த ஊர்ப் பெயர் முதலில் குடத்தின் அடியில் இருக்க வேண்டும்.

உங்களில் பலர் ஏற்கனவே நேர்மையாகத்தான் விற்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நல்ல தகடு வாங்கி, நல்ல கனத்தில் செய்து, பக்கத்துக் கடையின் பொய் விலையோடு போட்டி போட முடியாமல் தவிப்பவர்களும் நீங்கள்தான். பொறிக்கப்பட்ட ரகம் எல்லோரையும்விட உங்களைத்தான் முதலில் காப்பாற்றும். சட்டம் வந்து கையைப் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வரும் தை மாத முகூர்த்தங்களுக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வரும் குடும்பங்களிலிருந்து தொடங்குங்கள். மணமக்கள் பெயரை வெட்டும் அதே ஊசியால் உலோகத்தின் பெயரையும் உங்கள் பெயரையும் சேர்த்து வெட்டிக் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும் கடையில்தான் நாங்கள் வாங்குவோம். நாலு பேருக்கும் சொல்வோம்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்